அரை ரூபாய் உச்சரிப்பு

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
காரைக்குடி செக்காலை ரோட்டில்,
பாத்திரக்கடைக்கு மேல்மாடியில்,
இங்கிலாந்து டாக்டர்கள் என் காதுக்குள் பேசுகிறார்கள்.
யாருடைய மூட்டோ, யாருடைய பித்தப்பையோ.
கேட்டதை அப்படியே அடித்துக் கொடுப்பது என் வேலை.
முகம் தெரியாது, குரல் தெரியும்.
குரல் தெரிந்தபின் அபிப்பிராயம் வராமல் இருக்குமா?

கிளாஸ்கோ மெக்கின்னனுக்கு ஒரு ர போதாது.
'நர்ஸ்' என்றால் ரைஸ்மில்லில் பெல்ட் ஓடுகிற சத்தம்.
எனக்குப் பிடிக்கும்.
ஆள் கோபத்தில் பேசுகிறாரா குஷியில் பேசுகிறாரா
என்பது மட்டும்
நாலு வருடமாகப் பிடிபடவில்லை.

லிவர்பூல்காரர் 'பேக் பெயின்' என்பார்.
க் நிற்க வேண்டிய இடத்தில் ஓர் ஆய்தம் நிற்கும்.
எஃகு, அஃது என்று இரண்டு வீட்டுக்கு மட்டும் போய்வந்து
சும்மா கிடந்த எழுத்து,
கொண்டுவிக்கப் போன இடத்தில்
நன்றாகச் சம்பாதிக்கிறது.

வேல்ஸ் டாக்டர் மூலநோயைக்கூட
ஏற்றி இறக்கித்தான் சொல்வார்.

லண்டன் அம்மா 'வாட்டர்' என்கிற சொல்லில்
நடுவில் இருப்பதை மெல்லாமல் விழுங்கிவிடுவாள்.
சகாயரூபன் அதை ஸ்டைல் என்கிறான்.
தேவகோட்டை பஸ் கண்டக்டரும்தான்
'ரைட்'டில் டகரத்தை விழுங்கி
'ரைய்' என்று விசில் ஊதுகிறார்.
ஸ்டைல் என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை.

பர்மிங்ஹாம் எனக்குப் பிடிக்காது.
காரணம் கேட்டால், கிடையாது.
கட்டி சாதாரணக் கட்டிதான், பயமில்லை
என்று சொல்லும்போதும்
துக்கம் சொல்ல வந்தவர் குரல்.
இது அநியாயம் என்று தெரியும். இருக்கட்டும்.

அப்புறம் லீட்ஸ். டாக்டர் ஹார்கிரீவ்ஸ்.
போன ஐப்பசியில், கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்த இரவில்
அவருடைய முதல் கோப்பு வந்தது.
நோயாளிக்கு வலி குறைந்திருக்கிறது, புட்
நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன்.
புட்.
சந்தேகமே இல்லாமல்
பகரத்தின் தலையில் உகரம் ஏற்றிய புட்.
கப் அவருக்குக் குப். பஸ், புஸ்.
ரத்தம்கூட ப்ளுட்.

புதுவயல் பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு.
எழுந்து நின்று 'புட்' என்று வாசித்தேன்.
'வை'க்குப் புட் என்றால் 'ஆனால்' எப்படிப் பட் ஆகும்?
பிரிஸில்லா டீச்சர் சிரித்தார்.
டீச்சர் சிரித்ததால் வகுப்பு சிரித்தது.
பத்தாவது முடியும்வரை நான் புட்டு உமையாள்.
வீட்டில் எந்த அரிசிப் புட்டு அவித்தாலும்
டிபன் டப்பாவில் வைக்க விட்டதில்லை.

ஒரு ஊரே அப்படிச் சொல்கிறது போலிருக்கிறது,
ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் முதல்
அறுவை செய்கிறவர் வரை.
யாரையும் பெஞ்சுமேல் ஏற்றவில்லை.
ஹெட்போனைக் கழற்றிவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
சிரிப்புத்தான் வந்தது, அழுகை என்று நினைத்துவிட வேண்டாம்.
பிரிஸில்லா டீச்சர் நம்பர் யாரிடமாவது இருக்குமா
என்று ஒரு கணம் யோசித்ததும் உண்மை.

கோப்பு முடிந்ததும் திரையில் ஒரு கட்டம் வரும்:
பேசியவர் உச்சரிப்பு லேசா, நடுத்தரமா, கனமா?
கனம் என்று போட்டால்
பத்து வரிக்கு அரை ரூபாய் கூடுதல்.
ஹார்கிரீவ்ஸுக்கு எல்லோரும் கனம்தான் போடுகிறார்கள்.
மெக்கின்னனுக்கு நானும் போடுகிறேன், கூசாமல்.
இவருக்கு மட்டும் விரல் போகமாட்டேன் என்கிறது.
'லேசு.'

சகாயரூபன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறான்.
'லூசா நீ? லீட்ஸ் ஆளுக்குப் போய் லேசா?'
'எனக்கு நல்லாப் புரியுதே' என்கிறேன்.

மணி மூன்றரை. பெடலை மிதிக்கிறேன்.
நோயாளி நேற்று நன்றாகத் தூங்கினார், புட்
என்கிறார் அவர்.
பி, யு, டி என்று
எழுத்துத் தவறாமல் அடிக்கிறேன்.